கை பார்த்து உள்ளே விட்ட வருடம்

பிள்ளைகள் வரிசையாக வந்து இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்ட வேண்டும். நான் பார்த்துத் தலையசைத்த பிறகுதான் கம்ப்யூட்டர் அறைக்குள் கால் வைக்கலாம். இந்த ஏற்பாட்டை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. நானே யோசித்து நானே ஆரம்பித்தேன். இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. எனக்கு இருபத்திரண்டு வயது.

பெங்களூரில் பீன்யா பக்கத்தில் ஓர் அரசுத் தமிழ்ப் பள்ளி, ஒன்று முதல் ஏழு வரை. தொழிற்பேட்டையில் வேலை செய்யும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள்தான் பெரும்பாலும். பிரேசர் டவுனில் அலுவலகம் வைத்திருந்த ஓர் அறக்கட்டளை அந்தப் பள்ளிக்கு நான்கு கம்ப்யூட்டர்களைக் கொடுத்து, அவற்றோடு என்னையும் அனுப்பியது. வாரத்தில் மூன்று நாள் நான் போய் கம்ப்யூட்டரும் சாஃப்ட் ஸ்கில்ஸும் சொல்லித்தர வேண்டும். சாஃப்ட் ஸ்கில்ஸ் என்றால் என்ன என்பதற்கு ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்த்துப் பேசுவது, முழு வாக்கியமாகப் பதில் சொல்வது, தன் முறை வரும்வரை காத்திருப்பது, சுத்தமாக இருப்பது. அந்தத் தாளை நான் மனப்பாடம் செய்திருந்தேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பி.காம். முடித்து, அதற்கு மேல் ஒரு வருடம் கம்ப்யூட்டர் டிப்ளமாவும் படித்தேன். கழுத்தில் அடையாள அட்டை தொங்கும். பஸ்ஸில் இடம் கிடைத்தாலும் நின்றுகொண்டே போவேன். உட்கார்ந்தால் அட்டை துப்பட்டாவுக்குள் மறைந்துவிடும்.

கை பார்ப்பதற்கு ஒரு நியாயமான காரணமும் வைத்திருந்தேன். அந்தக் கால மவுஸின் வயிற்றில் ஒரு ரப்பர் உருண்டை இருக்கும். கையில் இருக்கும் அழுக்கு அதில் ஒட்டி, உள்ளே இருக்கும் சிறு உருளைகளில் சுற்றிக்கொண்டால் திரையில் அம்பு நகராது. ரிப்பேர் பார்க்க வருகிறவர் முதல் நாளே எச்சரித்துவிட்டுப் போனார். அதனால் கை அழுக்காக இருந்தால் குழாயடிக்குப் போய்க் கழுவிக்கொண்டு வர வேண்டும்; அப்படியும் போகவில்லை என்றால் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம், தொடக்கூடாது. இதுதான் விதி. தலைமை ஆசிரியைக்கு இந்த விதி மிகவும் பிடித்திருந்தது.

முதல் நாள் ஆறாம் வகுப்பு வரிசையில் முன்னால் நின்றது ஒரு பெண். இரண்டு சடை, முழங்கால் வரை இறங்கிய நீலப் பாவாடை. எண்ணெய் வைத்து வாரியிருந்தாள். நகம் வெட்டியிருந்தாள். கையை விரித்தபோது இரண்டு உள்ளங்கைகளும் கறுப்பாக இருந்தன. ரேகைகள் மட்டும் இன்னும் அடர்ந்த கறுப்பில் கோடு கோடாக ஓடின.

"கழுவிட்டு வா" என்றேன்.

போய்க் கழுவிக்கொண்டு வந்தாள். கை ஈரமாக இருந்தது. கறுப்பு அப்படியே இருந்தது.

"நல்லாத் தேச்சுக் கழுவு."

மறுபடி போனாள். செங்கல் துண்டு வைத்துத் தேய்த்திருக்கிறாள் போலிருக்கிறது; மணிக்கட்டில் சிராய்ப்பு தெரிந்தது. கறுப்பு அப்படியே இருந்தது.

அது போகாது என்று எனக்குத் தெரியும். இதை நான் எழுதித்தான் ஆக வேண்டும். அது அழுக்கு இல்லை. ஊதுவத்தி உருட்டுகிற கை. கரித்தூளையும் பிசின் தூளையும் தண்ணீர் விட்டுப் பிசைந்த மாவை, மூங்கில் குச்சியில் வைத்து, பலகை மேல் உள்ளங்கையால் உருட்டி உருட்டி ஏறிய கறுப்பு. எங்கள் வீட்டில் என் அம்மா உருட்டினாள், இன்னும் உருட்டிக்கொண்டிருந்தாள். பி.காம். இரண்டாம் வருடம் வரை நானும் உருட்டினேன். கல்லூரியில் கையை மூடியே வைத்திருந்தேன். புளி, எலுமிச்சை, மண்ணெண்ணெய் எல்லாம் போட்டுத் தேய்த்துப் பார்த்தவள் நான். இவ்வளவும் தெரிந்திருந்தும், அந்தப் பெண்ணின் கையை ஒரு புதுப் பொருளைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு, "பின்னாடி போய் உக்காரு" என்றேன்.

"மிஸ், நாளைக்கு டர்ன் தருவீங்களா?"

"கை சுத்தமா இருந்தா."

அந்த வருடம் முழுவதும் அவள் என்னிடம் கேட்டது அது ஒன்றைத்தான். ஒரு முறை உட்கார வேண்டும், ஒரு முறை தொட வேண்டும். ஜூலையில் கேட்டாள். தசராவுக்கு முன்னால் கேட்டாள். அதன்பிறகு கேட்பதை நிறுத்திவிட்டாள். வரிசையில் நின்று கையைக் காட்டுவாள், நான் எதுவும் சொல்லும் முன்பே கடைசி பெஞ்சுக்குப் போய்விடுவாள். பணிவான பிள்ளை என்று மாத அறிக்கையில் எழுதினேன்.

வெள்ளிக்கிழமைகளில் மவுஸ் உருண்டைகளைக் கழற்றிச் சுத்தம் செய்வது என் வேலை. நகத்தால் சுரண்டினால் உள்ளேயிருந்து தலைமுடி, தேங்காய் எண்ணெய்ப் பிசுக்கு, சாக்பீஸ் பொடி எல்லாம் சேர்ந்து பழுப்பு நிறத்தில் பஞ்சு போல வரும். எல்லாம் நான் பார்த்துத் தலையசைத்து உள்ளே விட்ட கைகளிலிருந்து வந்தது. சுரண்டித் தூக்கிப் போட்டுவிட்டு, திங்கட்கிழமை மறுபடி வாசலில் நின்று கை பார்த்தேன்.

எங்கள் வீடு அங்கிருந்து இரண்டு பஸ் மாறிப் போகிற தூரம். பள்ளியில் யாருக்கும் என் வீடு தெரியாது. சாயங்காலம் நான் போகும்போது அம்மா பலகை முன்னால் உட்கார்ந்திருப்பாள்.

"கம்ப்யூட்டரத் தொட்டா ஷாக்கு அடிக்குமாடி?" என்று ஒருநாள் கேட்டாள்.

"அடிக்காதும்மா."

"அப்ப ஒரு நாளு வந்து பாக்கறேன். நீ எப்டி பாடம் எடுக்கறன்னு. தொட மாட்டேன், தூர நின்னுக்கினே பாக்கறேன்."

"அங்கல்லாம் வெளி ஆளுங்கள வுட மாட்டாங்கம்மா."

"நானு வெளி ஆளா?" என்று கேட்டுவிட்டு அடுத்த குச்சியை எடுத்தாள். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டது போலத்தான் இருந்தது.

மார்ச் மாதம் அறக்கட்டளை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. பரிசோதனைக்கு இரண்டு பேர் வருவார்கள். ஆறாம் வகுப்பில் அன்று வந்திருக்கும் பிள்ளைகளின் பெயர்களைச் சீட்டு எழுதிக் குலுக்கி ஐந்து பேரை எடுப்பார்கள். ஒவ்வொருவரும் தனியாக உட்கார்ந்து ஒரு படம் வரைந்து, கீழே தன் பெயரை அடித்து, அதைச் சேமிக்க வேண்டும். பிறகு எழுந்து நின்று அந்தப் படத்தைப் பற்றி ஒரு நிமிடம் பேச வேண்டும். ஐந்தில் மூன்று பேராவது சரியாகச் செய்யாவிட்டால், காத்திருக்கும் வேறொரு பள்ளிக்குக் கம்ப்யூட்டர்கள் போய்விடும்.

தலைமை ஆசிரியை என்னைக் கூப்பிட்டார். அவர் குடும்பம் மூன்று தலைமுறையாகப் பெங்களூரில் இருப்பது. தாத்தா மைசூர் சர்க்காரில் வேலை பார்த்தவர். தமிழும் கன்னடமும் ஒரே மூச்சில் வரும்.

"ஏம்மா, இந்த கம்ப்யூட்டர் எல்லாம் திருப்பித் தூக்கிட்டுப் போனாங்கன்னா, மீட்டிங்ல நான் மூஞ்சிய எங்க வெச்சுக்கறது? எல்லாருக்கும் வருமா?"

"வரும் மேடம்."

"எல்லாருக்குமா?"

எனக்குக் கடைசி பெஞ்சு ஞாபகம் வந்தது.

"அந்தக் கறுப்புக் கைப் பொண்ணு இருக்காளே. அவ மவுஸையே தொட்டதில்லையே. அவ சீட்டு வந்துச்சுன்னா?" கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வந்த புள்ளைங்க பேரத்தான எழுதுவாங்க. சும்னே, சும்மா ஒரு நாளு லீவு போட்டுக்கட்டும். அவளுக்கும் கஷ்டமில்ல, நமக்கும் நெம்மதி."

அதை நான் மறுத்துப் பேசவில்லை. எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. முந்தின நாள் வகுப்பு முடிந்ததும் அவளை நிறுத்தி, "நாளைக்கு நீ வர வேணாம், வீட்ல இரு" என்றேன்.

"ஏன் மிஸ்?"

"நாளைக்கு டர்ன் எடுத்தவங்களுக்கு மட்டும்தான் வேல."

தலையை ஆட்டினாள். என் கண்ணைப் பார்த்து, "சரிங்க மிஸ், நான் வரலை மிஸ்" என்று முழு வாக்கியமாகச் சொன்னாள். நான் கற்றுக்கொடுத்தபடி.

மறுநாள் காலை பிரார்த்தனை வரிசையில் அவள் நின்றிருந்தாள். பக்கத்தில் போய், பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன், "வர வேணாம்னு சொன்னேன் இல்ல?"

"வீட்ல இருந்தா உருட்டச் சொல்றாங்க மிஸ். நான் பின்னாடி பெஞ்ச்ல உக்காந்துக்கறேன். சத்தம் போட மாட்டேன்."

வகுப்பாசிரியர் அதற்குள் வருகைப் பதிவில் அவளுக்கும் குறி போட்டிருந்தார்.

வந்தவர்களில் ஒருவர் நரைத்த தலைக்காரர், மற்றவர் என் வயதுப் பெண். இருவரும் நன்றாகத்தான் பேசினார்கள். பிள்ளைகளிடம் பயப்பட வேண்டாம் என்றார்கள். ஒரு டிபன் டப்பா மூடியில் சீட்டுகளைப் போட்டுக் குலுக்கி ஐந்தை எடுத்து அந்தப் பெண் வாசித்தார். ஐந்தாவது பெயர் கடைசி பெஞ்சுடையது. தலைமை ஆசிரியை என்னைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த கர்நாடக வரைபடத்தைப் பார்த்தார்.

முதல் பையன் வீடு, மலை, சூரியன் வரைந்து, பெயரடித்து, சேமித்து, பேசி முடித்தான். இரண்டாமவள் என் மிகச் சிறந்த மாணவி என்று நான் நினைத்திருந்தவள். அழகாக வரைந்தாள், ஆனால் சேமிக்காமல் மூடிவிட்டாள். திரை காலியானதும் என்னைத் திரும்பிப் பார்த்தாள். வழக்கமாகப் பின்னாலிருந்து யாராவது ஞாபகப்படுத்துவார்கள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த யாராவது யார் என்று நான் ஒருநாளும் கவனித்ததில்லை. மூன்றாவது பையன் தேறினான். நான்காமவன் நன்றாகச் செய்துவிட்டு, எழுந்து நின்று பேச முடியாமல் அழுதான்.

ஐந்தாவது ஆளாக அவள் வந்தாள். நாற்காலியில் உட்கார்ந்தாள். கையை நீட்டவில்லை. பாவாடைப் பையில் கைவிட்டு மடித்து வைத்திருந்த ஒரு பால் கவரை எடுத்தாள். ஒரு பக்கம் நேராக வெட்டி, நன்றாகக் கழுவிக் காயவைத்த கவர். அதை உதறி, வலது கையை உள்ளே விட்டு, மணிக்கட்டில் ஒரு ரப்பர் பேண்டைப் போட்டாள். பிறகு மவுஸைப் பிடித்தாள்.

பிளாஸ்டிக் சரசரக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

கை வழுக்கியது. கோடு கோணலாகப் போனது. அழித்தாள், மறுபடி போட்டாள். எந்த இடத்தில் எது இருக்கிறது என்று அவள் ஒரு தடவைகூடத் தேடவில்லை. கவருக்குள் இருந்த விரல் ஒரே சமயத்தில் இரண்டு எழுத்துகளை அழுத்திவிடும்; உடனே பின்னால் போய் ஒன்றை அழித்துவிட்டு மேலே போவாள். பெயரை முடித்தாள். சேமித்தாள். மூடிவிட்டு மறுபடி திறந்து, இருக்கிறதா என்றும் பார்த்தாள். அது நான் யாருக்குமே சொல்லிக்கொடுக்காதது.

எழுந்து நின்று படத்தைப் பற்றி ஒரு நிமிடம் பேசினாள். நரைத்த தலைக்காரர் குனிந்து கேட்டார், "கையில ஏம்மா கவரு?"

அவள் அவர் கண்ணைப் பார்த்துச் சொன்னாள். "என் கை கறுப்பாக இருக்கும் சார். கறுப்புக் கை இருப்பவர்கள் கம்ப்யூட்டரைத் தொடக்கூடாது. அதனால் நான் கவர் போட்டுக்கொண்டேன். நன்றி சார்."

ஒரு சொல் தடுமாறவில்லை. குற்றம் சொல்கிற குரலும் இல்லை. விதியைச் சரியாகக் கடைப்பிடித்த பிள்ளையின் பெருமைதான் அந்தக் குரலில் இருந்தது. அடுத்து என்னைத்தான் கேட்பார்கள் என்று நினைத்தேன்.

அவர்கள் கை தட்டினார்கள்.

நிஜமாகவே தட்டினார்கள். கூட வந்த பெண் நோட்டில் வேகவேகமாக எழுதிக்கொண்டார். "பாருங்க சார், எவ்ளோ சிம்பிளான சொல்யூஷன்" என்றார். நரைத்த தலைக்காரர் என் பக்கம் திரும்பி, "மேடம், இது உங்க ஐடியாவா?" என்று கேட்டார்.

நான் தலையசைத்தேன்.

ஏன் அசைத்தேன் என்று இத்தனை வருடங்கள் யோசித்தும் ஒரு நல்ல காரணம் கிடைக்கவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். இல்லை என்று சொல்ல அரை நிமிடம் இருந்தது. நான் தலையை மேலும் கீழும் ஆட்டினேன். கழுத்தில் அட்டை ஆடியது. ஐந்தில் மூன்று தேறியதால் கம்ப்யூட்டர்கள் பள்ளியிலேயே தங்கின. தலைமை ஆசிரியை எல்லோருக்கும் மைசூர்பாக் வாங்கிக் கொடுத்தார்.

அவர்கள் போன பிறகு அவளைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"எப்பருந்து இந்தக் கவர வெச்சிருக்க?"

"தீவாளிக்கு முன்னாடிலேருந்து மிஸ். கிழிஞ்சா வேற எடுத்துக்குவேன். தெனம் கழுவி, கம்பில மாட்டிக் காயவெச்சு எடுத்துட்டு வருவேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"டர்ன் வர்ற வரைக்கும் காத்திருக்கணும்னு சொன்னீங்களே மிஸ்."

பிறகு அவளே சொன்னாள். வீட்டில் உருட்டும் பலகையின் அடிப்பக்கத்தில் சாக்பீஸால் கீபோர்டு போல எழுத்துக் கட்டங்களை வரைந்து வைத்திருக்கிறாளாம். மாவு பிசைந்து ஊறும் நேரத்தில் பலகையைத் திருப்பிப் போட்டு விரலால் தட்டிப் பார்ப்பாளாம். மவுஸுக்கு சோப்பு டப்பா. "நிஜ மவுஸ் இன்னும் லேசா இருக்குது மிஸ்" என்றாள்.

பரீட்சை என்பதால் இரண்டு வாரம் கம்ப்யூட்டர் வகுப்பு இல்லை; அது முடியும்போது அலுவலகத்திலிருந்து ஒரு பெட்டி வந்தது. உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் உறைகள், கட்டுக்கட்டாக. கூடவே ஒரு சுற்றறிக்கையும். கை சுத்தமில்லாத மாணவர்களையும் கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்த்துக்கொள்ள ஓர் எளிய வழி எங்கள் பள்ளி ஒன்றில் கண்டுபிடிக்கப்பட்டுள்ளது, எல்லாப் பள்ளிகளும் இதைப் பின்பற்றலாம் என்று இருந்தது. இந்த யோசனைக்காக எனக்கு நன்றி சொல்லியிருந்தார்கள். என் பெயர் தடித்த எழுத்தில் இருந்தது. என் பெயரை நான் அச்சில் பார்ப்பது பரீட்சை முடிவுகளுக்குப் பிறகு அதுதான் முதல் முறை.

அந்தத் தாளை வீட்டுக்குக் கொண்டுபோனேன். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், கொண்டுபோனேன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. நான் உரக்கப் படித்துக் காட்டி, ஒரு பெண் கவர் போட்டுக்கொண்டு வந்ததையும் சொன்னேன். அவள் உருட்டிக்கொண்டே கேட்டாள்.

"உன் பேரு எங்க இருக்குது?"

காட்டினேன். கையைத் துணியில் துடைத்துவிட்டு, தாளைத் தொடாமல் குனிந்து அந்த எழுத்தைப் பார்த்தாள். "பெருசா போட்டுக்கறாங்க" என்றாள். பிறகு மறுபடி உருட்டிக்கொண்டே கேட்டாள், "அந்தப் பொண்ணு கையில என்னா அழுக்கு?"

தாளில் அது இல்லை. நானும் சொல்லாமல் விட்டிருந்தேன்.

"உருட்டற பொண்ணும்மா" என்றேன்.

அம்மாவின் கை நின்றது. பலகை மேல் பாதி உருண்ட குச்சி அப்படியே கிடந்தது. திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் சிரித்தாள். "அப்ப நானும் ஒரு கவர மாட்டிக்கினு வந்தா உள்ள வுடுவியா? இல்ல ரெண்டு கைக்கும் மாட்டணுமா?"

சொல்லிவிட்டு மறுபடி உருட்ட ஆரம்பித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு என் கன்னத்தில் விழுந்த ஓர் அறை போல இருந்தது. அறைந்திருந்தால்கூட நான் திருப்பி ஏதாவது பேசியிருப்பேன்.

மறுநாள் காலை பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு ரூபாய் போனிலிருந்து அலுவலகத்துக்குப் பேசினேன். பரிசோதனைக்கு வந்த பெண்தான் எடுத்தார். அது என் யோசனை இல்லை, நான் பொய்யாகத் தலையாட்டினேன், அந்தப் பிள்ளை கவர் போட்டது நான் அவளை ஒன்பது மாதம் தொட விடாததால் என்று சொன்னேன். அவர், "ஐயோ, எல்லா ஸ்கூலுக்கும் அனுப்பிட்டோமே" என்றார். "எழுதிக் குடுங்க, பாக்கலாம்." எழுதிக் கொடுத்தேன். பதில் வரவில்லை.

பரிசோதனைக்குப் பிறகு அன்றுதான் முதல் கம்ப்யூட்டர் வகுப்பு. கை பார்ப்பதை இன்றோடு நிறுத்துகிறேன் என்று சொல்லத் தயாராக வாசலில் நின்றேன். ஆறாம் வகுப்பு வரிசையாக வந்தது. முப்பத்தொரு பிள்ளைகளும் கையில் கவர் மாட்டியிருந்தார்கள். பால் கவர், பிரெட் கவர், துணிக்கடைப் பை. ஒருவன் இரண்டு கைகளிலும் மாட்டிக்கொண்டு டாக்டர் போல உயர்த்திக் காட்டினான்.

"யார் போடச் சொன்னது?"

"கை தட்னாங்களே மிஸ்" என்றாள் ஒருத்தி.

"எங்க வீட்ல பால் கவர் இல்ல மிஸ், உப்புக் கவர்தான் இருந்துச்சு. கை அரிக்குது" என்றான் இன்னொருவன்.

வரிசையின் முன்னால் அவள் நின்றாள். அலுவலகம் அனுப்பிய உறைகளை நான் இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை; அவள் தன் பழைய பால் கவரைத்தான் போட்டிருந்தாள். மற்றவர்களுக்கு ரப்பர் பேண்ட் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்துச் சரிசெய்துகொண்டிருந்தாள். என் வேலையை அவள் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாரும் கழட்டுங்க" என்றேன். "இனிமே கவர் வேணாம். கையும் பாக்க மாட்டேன்."

மற்றவர்கள் தயங்கித் தயங்கிக் கழற்றினார்கள். அவள் கழற்றவில்லை.

"நீயும்."

"எனக்கு ரூல் இருக்குது மிஸ்."

"அந்த ரூல் தப்பு. நான் போட்ட ரூல். எங்க அம்மாவும் ஊதுவத்தி உருட்றவங்கதான். நானும் உருட்டியிருக்கேன்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். இஸ்திரி போட்ட சுடிதார், அட்டை, கை.

"பொய் மிஸ்" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள்.

மேசையில் கிடந்த பென்சிலை எடுத்தேன். அதைக் குச்சியாக நினைத்துக்கொண்டு, உள்ளங்கையின் அடிப்பாகத்தால் அழுத்தி மேசை மேல் உருட்டினேன். கை தானாகச் செய்தது. ஒன்று, இரண்டு, மூன்று. பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். அவள் குனிந்து என் மணிக்கட்டைக் கவனித்தாள்.

"முன்னாடி தள்றப்ப ஜாஸ்தி அழுத்தறீங்க மிஸ்" என்றாள். "இப்டி பண்ணா மாவு நுனில கட்டியா நிக்கும். மேஸ்திரி திருப்பி அனுப்பிடுவாரு."

வகுப்பே சிரித்தது. இதே குறையைச் சொல்லி அம்மா என் கையில் தட்டியதுண்டு. நானும் சிரித்துவிட்டேன்.

அவள் மட்டும் சிரிக்கவில்லை. "உங்க கை எத்தன நாள்ல மிஸ் வெள்ளையாச்சு?"

"விட்டப்புறம் ஆறேழு மாசம் ஆச்சு."

"அப்ப உருட்றத விட்டாத்தான் போகும்."

"ஆமா."

"என்னால விட முடியாது மிஸ்."

"விட வேணாம். அப்படியே தொடு."

அவள் உடனே நம்பவில்லை. வாசலைப் பார்த்தாள், தலைமை ஆசிரியையின் அறையைப் பார்த்தாள். பிறகு ரப்பர் பேண்டை உருவி, கவரை மெதுவாகக் கழற்றி, நான்காக மடித்துப் பாவாடைப் பையில் வைத்துக்கொண்டாள். உள்ளே வந்து ஜன்னலோரக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாள். மவுஸ் மேல் கையை வைத்தாள். வெளுத்த மவுஸின் மேல் அந்தக் கை அவ்வளவு சின்னதாக இருந்தது. ஒன்பது மாதமாக நான் கறுப்பை மட்டும்தான் பார்த்திருக்கிறேன், கையின் அளவைப் பார்த்ததில்லை.

ஒரு மவுஸுக்கு எட்டுப் பேர், ஆளுக்கு ஐந்து நிமிடம். அதுதான் எங்கள் கணக்கு. ஐந்து நிமிடம் ஆனது. அவள் எழுந்திருக்கவில்லை.

"டர்ன் முடிஞ்சிச்சு, எந்திரி" என்றான் பக்கத்தில் இருந்தவன்.

"முடியல."

"மிஸ், பாருங்க மிஸ் இவள."

பத்து நிமிடம் ஆனது. ஒரு படம் வரைந்து முடித்து, அதை அழித்துவிட்டு அடுத்ததை ஆரம்பித்திருந்தாள். நான் அருகில் போனேன். கூப்பிட்டதும் எழுகிற பிள்ளை, சொல்லும் முன்பே கடைசி பெஞ்சுக்குப் போகிற பிள்ளை.

"மத்தவங்களுக்கும் குடுக்கணும் இல்ல?"

"இன்னிக்கு எந்திரிக்க மாட்டேன் மிஸ்" என்றாள். என் கண்ணைப் பார்க்கவில்லை. முறைக்குக் காத்திருக்கவுமில்லை. நான் எழுதிக் கற்றுக்கொடுத்த ஒன்றையும் அவள் செய்யவில்லை. எனக்குத் திகைப்பாக இருந்தது. இந்தக் குரல் அவளிடம் எங்கே இருந்தது, இத்தனை நாள்?

அவளுடைய குழுவில் இருந்த மற்ற ஏழு பேரையும் மற்ற கம்ப்யூட்டர்களுக்கு அனுப்பினேன். முணுமுணுத்துக்கொண்டே போனார்கள். மணி அடித்தது. ஆறாம் வகுப்பு வெளியே போனது, ஏழாம் வகுப்பு வாசலில் வந்து நின்று தள்ளுமுள்ளு செய்தது. சத்தம் கேட்டுத் தலைமை ஆசிரியை வந்தார். நாற்காலியில் இருந்தவளைப் பார்த்தார், மவுஸைப் பார்த்தார்.

"ஏம்மா, இது என்ன? கவரு எங்க?"

"வேணாம்னு சொல்லிட்டேன் மேடம். அவ இருக்கட்டும்."

"எவ்ளோ நேரம்?"

"தெரியல மேடம்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் உள்ளேயிருந்து, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் அவள் சொன்னாள்.

"கதவச் சாத்துங்க மிஸ். சத்தமா இருக்குது."

சாத்தினேன்.